கல்லடைப்பு என்று சொல்லிவைத்த கதை

வியாதிகளில் கௌரவமானவை சில உண்டு. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இதயத்தில் வைத்த ஸ்டென்ட் இவற்றையெல்லாம் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரரிடம் தாராளமாகச் சொல்லலாம். அவரும் தன்னுடையதைச் சொல்வார், பேச்சு சுவாரசியமாகப் போகும். இன்னொரு ரகம் உண்டு. அதை டாக்டரிடம் சொல்வதற்கே தொண்டையைச் செருமிக்கொண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். எனக்கு வந்தது இந்த இரண்டாவது ரகம். அதை இங்கே எழுதுவதற்குக் காரணம் தைரியம் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் எங்கள் தேவாலயத்துப் பங்கு மக்கள் அத்தனை பேருக்கும் அது மைக்கில் அறிவிக்கப்பட்டுவிட்டது. அதற்கு மேல் மறைக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அப்போது நான் நாமக்கல்லில் சூசை மாமாவின் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். அம்மாவின் தம்பி அவர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. கம்பெனியிலிருந்து லாரி முழுசாக வராது. எஞ்சின், சக்கரம், நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள், அவ்வளவுதான் வரும். அதற்குப் பெயர் சேசிஸ். டிரைவர் தலைக்கு மேல் கூரையில்லாமல், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அதை ஓட்டி வருவார். கேபினும் பின்னால் சரக்கு ஏற்றும் பெட்டியும் நாங்கள்தான் கட்ட வேண்டும். சூப்பர்வைசர் என்றால் வேலை தெரிந்தவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்பவன். (அந்தப் பதவிக்கு எனக்கிருந்த தகுதி, அப்பா இல்லாத அக்கா மகன் என்பது.) வாரநாட்களில் மாமா வீட்டில் ஜாகை, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி அயோத்தியாப்பட்டணத்தில் அம்மாவிடம் வந்துவிடுவேன்.

அந்த வருஷம்தான் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நிச்சயமாகியிருந்தது. ஆட்டையாம்பட்டிப் பெண். சேகோ பேக்டரியில், ஜவ்வரிசி மாவைச் சோதித்துப் பார்க்கும் லேபில் வேலை. அவள் அப்பா நாலைந்து தறி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார், அதிகம் பேசாதவர். மகள் பேசுவாள், ஆனால் அளந்துதான் பேசுவாள். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன். ஒருநாள் மத்தியானம் வீடியோ காலில், நீங்கள் வேலை செய்யும் இடத்தைக் காட்டுங்கள் என்றாள். காட்டினால் போதாதா? அன்று காலை வந்து நின்ற ஒரு சேசிஸின் மீது ஏறி, நாலு விரல் அகலமுள்ள இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு கையில் போனைப் பிடித்தபடி நடந்து காட்டினேன். எதற்கு என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஆண்பிள்ளைக்கு நிச்சயமாகிவிட்டால் மூளையின் ஒரு பகுதி வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது.

சட்டத்தின் மேல் கிரீஸ் இருந்தது. இரண்டு கால்களும் இரண்டு பக்கமாகப் போயின, நடுவில் இரும்பு இருந்தது. அதற்கு மேல் விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். போன் பறந்துபோய் மரத்தூளில் மல்லாந்து விழுந்தது. ஆகவே ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தது பட்டறையின் தகரக் கூரை மட்டும், கேட்டது ‘அம்மா’ என்று ஒரு அலறல் மட்டும். வெகுநேரம் கழித்து நான் போனை எடுத்து, நெட்வொர்க் போய்விட்டது என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அது என்ன சத்தம் என்று அவள் கேட்டாள். ஆணி அடிக்கிறார்கள் என்றேன்.

அன்று சாயங்காலம் சிறுநீரோடு ரத்தம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழாய் சொருகி, சில நாட்கள் அப்படியே வைத்திருந்து எடுத்தார்கள். இதற்கென்று இருக்கும் டாக்டரிடம் அவசியம் காட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். குழாயை எடுத்ததும் எல்லாம் பழையபடி இருந்தது. நன்றாக இருக்கும்போது டாக்டரிடம் போவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

சில மாதங்களில் வேடிக்கை ஆரம்பித்தது. ஓட்டம் மெலிந்தது. பிறகு நூலானது. பிறகு நூலும் அறுந்து சொட்டானது. முக்கினால் வரும், மூச்சை விட்டால் நிற்கும். முடிந்தது என்று வெளியே வந்தால் முடிந்திருக்காது. பட்டறையில் கழிப்பறை ஒன்றுதான்; நான் உள்ளே போனால் வெல்டிங் ஆட்கள் வெளியே பீடி பற்றவைத்து, அது முடிந்து, அடுத்ததும் பற்றவைப்பார்கள். வீட்டில் அம்மா, நான் உள்ளே உட்கார்ந்து அந்தப் பெண்ணோடு போன் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு அப்புறமும் பேசுவதற்குக் கொஞ்சம் மிச்சம் வை என்றாள்.

பயம் வந்தது. அது என்ன பயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் போகாதது பற்றியது அல்ல அது. அதே பாதையில் ஒரு மனிதனுக்கு இன்னொரு காரியமும் ஆக வேண்டியிருக்கிறது, ஈஸ்டர் கழிந்து எனக்குக் கல்யாணம். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்துக்கொண்டே பல நாள் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் சூசை மாமாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. எந்த சேசிஸ் என்று மட்டும் கேட்டார்.

சேலத்தில் இதற்கென்றே இருக்கும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அங்கே ஒரு சிறிய அறையில் புனல் வைத்த ஒரு மெஷின். அந்தப் புனலுக்குள் நாம் சிறுநீர் கழிக்க வேண்டியதுதான். அது எவ்வளவு வேகம் என்று அளந்து தாளில் கோடு போட்டுத் தரும். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு அந்தக் கோடு மலை மாதிரி ஏறி இறங்குமாம். என்னுடையது ஆட்டையாம்பட்டி ரோடு மாதிரி நெடுகச் சமமாக இருந்தது. பிறகு மருந்தை உள்ளே செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். (அது எந்த வழியாக என்று கேட்காதீர்கள்.)

டாக்டர் நிதானமானவர். நான் விழுந்தபோது சிறுநீர்க் குழாய் இரும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது, காயம் ஆறும்போது உள்ளே தழும்பு கட்டி, தழும்பு இறுக இறுக வழியும் இறுகிவிட்டது என்றார். மாத்திரையால் தழும்பு கரையாது. செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, மெல்லிய குழலில் ஆரம்பித்துப் படிப்படியாகப் பருமனான குழல்களை உள்ளே விட்டு வழியை விரிப்பது. அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம், ஆனால் பெரும்பாலும் மறுபடி சுருங்கும். அடுத்தது, கேமரா பொருத்திய கருவியை உள்ளே செலுத்தித் தழும்பை உள்ளேயே கீறிவிடுவது. சுருக்கம் சின்னதாக இருந்தால் சிலருக்கு அதோடு சரியாகும், பலருக்குத் திரும்ப வரும். கடைசி வழி ஆபரேஷன். அடிப்பக்கம் திறந்து, தழும்பை வெட்டி எடுத்துவிட்டு நல்ல முனைகளைச் சேர்த்துத் தைப்பது; நீளம் அதிகமாக இருந்தால் வாய்க்குள் கன்னத்தின் உட்சதையில் கொஞ்சம் எடுத்து ஒட்டுப் போடுவது. பெரிய வேலை, ஆனால் நின்று நிலைப்பது அதுதான் என்றார்.

நான் ஒன்றும் விளங்காமல் விழித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

“ஏனுங்க டாக்டர், டீசல் பைப்பு அடைச்சா நாங்க ஊதி உடுவோம். இல்லீனா கம்பி உட்டுக் குத்துவோம். அதுக்கும் சரியாவுலீனா அந்தத் துண்டை வெட்டிப்போட்டு வேற பைப்பு வெப்போம். அதுதானுங்களே?”

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கிட்டத்தட்ட அதுதான் என்று ஒப்புக்கொண்டார். மாமாவுக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அன்றிலிருந்து என் உடம்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமை அவருக்கு வந்துவிட்டது. கல்யாணம் நெருங்குகிறது, இப்போதைக்கு ஊதி விடுவோம், பைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். டாக்டர் முகத்தில் சம்மதம் தெரியவில்லை. எனக்கும் ஒரே நாளில் வீட்டுக்குப் போகலாம் என்ற வார்த்தை மட்டுமே காதில் விழுந்திருந்ததால், அதற்கே தலையாட்டினேன்.

அடுத்து, ஊருக்கு என்ன சொல்வது என்ற பிரச்சினை. அம்மா, மாமா, நான் மூவரும் சமையலறையில் உட்கார்ந்து பேசினோம். அந்த இடத்தில் அடிபட்டது என்று அயோத்தியாப்பட்டணத்தில் ஒருவரிடம் சொன்னால் போதும், செய்தி ஆட்டையாம்பட்டி போய்ச் சேர்வதற்குள் என்னிடம் எதுவுமே மிச்சமில்லை என்று ஆகிவிடும். ஆகவே வேறொரு வியாதி தேவைப்பட்டது. கௌரவமானதாகவும் இருக்க வேண்டும், அடிக்கடி பாத்ரூம் போவதற்கும் ஆஸ்பத்திரி போவதற்கும் பொருந்தவும் வேண்டும். மாமாதான் கல்லடைப்பு என்றார். எங்கள் பக்கத்துத் தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு ஒரு கல் உண்டு. எடுத்த கல்லை டப்பாவில் போட்டு வைத்துக் காட்டுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான வியாதி கிடைக்காது என்று மூவரும் மகிழ்ந்துபோனோம்.

கல்லடைப்புக்கு ஊரில் மருந்து உண்டு என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. எல்லோரும் வாழைத்தண்டோடு வந்தார்கள். தண்டுச் சாறு, தண்டுப் பொரியல், தண்டு மோர்க்கூட்டு. வந்தவர்கள் எல்லாம் தண்ணீர் குடி, குடம் குடமாகக் குடி, கல் தானாக அடித்துக்கொண்டு வந்துவிடும் என்றார்கள். டாக்டரோ, வழி சின்னதாக இருக்கிறது, ஒரேயடியாக அதிகம் குடித்துவிடாதீர்கள், மொத்தமாக அடைத்துக்கொண்டால் உடனே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். நான் இரண்டு தரப்புக்கும் நடுவில் கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். ஊதி விட்டது சில வாரம் தாங்கியது. மறுபடி ஊதினார்கள், அது இன்னும் சீக்கிரம் மூடிக்கொண்டது. இனி இதைச் செய்வதில் அர்த்தமில்லை என்று டாக்டர் சொன்னார். கல்யாணம் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அறிவிப்பார்கள். எங்களுக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிறன்று ஸ்டெல்லாவின் குடும்பம் எங்கள் பங்குக்கு வந்து, எங்களோடு பூசை பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிடுவதாக ஏற்பாடு. பூசைக்கு வெகு முன்னதாகவே வந்துவிட்டார்கள். அவள் அப்பா கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன்.

விடியற்காலையில் எழுந்து, தண்டு வெட்டி, நார் நீக்கி, அரைத்து வடிகட்டிக் கொண்டுவந்திருந்தார். பேசாத மனிதர் ஒருவர் அவ்வளவு செய்தார் என்றால் அது பேச்சைவிடப் பெரியது என்று எனக்குத் தெரிந்தது. பூசைக்கு முன் வயிறு சும்மா இருக்க வேண்டுமே என்று ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தேன். மருந்துக்கு அந்த விதி கிடையாது என்று அம்மாவே சொல்லிவிட்டாள். கல்லடைப்புக்காரன் வாழைத்தண்டுச் சாற்றை வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒரு சொம்பு குடித்தேன். அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். பிறகு சொம்பை வாங்கி மறுபடி நிரப்பினார்.

கோயிலில் பெண்கள் பக்கம் முன்வரிசையில் ஸ்டெல்லா. எனக்கு முன்னால், கொஞ்சம் தள்ளி அவள் அப்பா. பூசை தொடங்குமுன், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மைக்கருகே வந்து அன்றைய பூசைக் கருத்துகளை வாசிக்க ஆரம்பித்தார். யார் யாருக்காக யார் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்ற அறிவிப்பு. இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒன்று, பரீட்சையில் தேறியதற்கு நன்றியாக ஒன்று. அப்புறம் என் பெயர் வந்தது. உபதேசியார் நல்ல குரல்வளம் உள்ளவர், எதையும் விட்டுவிடாமல் நிறுத்தி வாசிப்பார்.

“நாமக்கல் பட்டறையில் லாரி சேசிஸ் மீது விழுந்ததால் சிறுநீர்ப் பாதை சுருங்கி, இருமுறை விரித்தும் பலனின்றித் துன்புறும் லூர்துராஜ் அவர்களுக்கு, அடைப்பு நீங்கி நல்ல ஓட்டம் உண்டாக, அவருடைய தாயார் ஒப்புக்கொடுக்கும் திருப்பலி.”

கோயிலில் அப்படியொரு அமைதியை நான் பெரிய வெள்ளியன்றுகூடக் கேட்டதில்லை. முதலில் திரும்பியவர் ஸ்டெல்லாவின் அப்பா. என்னைப் பார்த்தார், பிறகு ஆண்டவரைப் பார்த்தார். அதன்பின் வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. எனக்கு எதிரே இறக்கை விரித்து நின்ற சம்மனசு சிலை ஒன்றுதான் திரும்பவில்லை. ஸ்டெல்லாவும் திரும்பவில்லை, ஆனால் அவள் முக்காடு கொஞ்சம் முன்னால் இழுக்கப்பட்டதைப் பார்த்தேன்.

அவமானத்தில் சாகலாம் போல இருந்தது. அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. பிரசங்கம் பாதி நடக்கும்போது இரண்டு சொம்புச் சாறும் கீழே வந்து சேர்ந்துவிட்டன. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, மண்டியிடும் நேரத்தில் மண்டியிட்டால் எழுந்திருக்க முடியவில்லை. நற்கருணைக்கு எல்லோரும் வரிசையில் நகர்ந்தபோது நான் பக்கவாசல் வழியாக வெளியேறி, பின்னால் இருந்த கழிப்பறைக்கு ஓடினேன். ஒரு சொட்டு வரவில்லை. முக்கினேன், குனிந்தேன், குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. வேர்வையில் புதுச்சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. (அந்தச் சட்டை ஸ்டெல்லா வீட்டில் எடுத்துக் கொடுத்தது.)

அப்போது வெளியே கூம்பு ஒலிபெருக்கியில் என் ஓலை வாசிக்கப்பட்டது. லூர்துராஜுக்கும் ஸ்டெல்லா மேரிக்கும் திருமணம், இது முதல் அறிவிப்பு, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும். தன் கல்யாண ஓலையைக் கழிப்பறைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு கேட்ட மாப்பிள்ளை எங்கள் மறைமாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என்னை மாமாவின் குட்டியானை லோடு வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு புனிதரைக் கூப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், பல்லைக் கடித்துக்கொண்டு, ஏம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் அதில் அவளுக்குக் குழப்பம் ஒன்றும் இருக்கவில்லை.

“சொந்தக்காரங்ககிட்டப் பொய் சொல்லலாஞ் சாமி. ஆண்டவருகிட்டக் கல்லுன்னு சொல்லி வேண்டிக்கிட்டா, அவரு கல்லைத்தான கரைப்பாரு?”

அடுத்த வேகத்தடை வந்தது. இன்னொரு புனிதரைக் கூப்பிட்டேன்.

அடைத்த வழியாக எதுவும் உள்ளே போகாததால் டாக்டர் தொப்புளுக்குக் கீழே, வயிற்றின் மேலேயே சின்னத் துளை போட்டு, நேராகச் சிறுநீர்ப்பைக்குள் குழாய் வைத்தார். குழாயின் மறுமுனையில் மாட்டிய பிளாஸ்டிக் பை நிரம்ப ஆரம்பித்தது. அந்த நிமிஷத்தில் கல்யாணம், மானம், ஆட்டையாம்பட்டி எதுவும் நினைவில் இல்லை. குழந்தை மாதிரி அழுதேன். உலகத்தில் அதைவிடப் பெரிய சந்தோஷம் இருக்கும் என்று அப்போது நம்பவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் கட்டிலைச் சுற்றி இரண்டு குடும்பங்களும் நின்றிருந்தன. கட்டிலின் ஓரத்தில், வாழைத்தண்டு நிறத்தில், அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாவின் அப்பா டாக்டரோடு பேச வேண்டும் என்றார். தனியாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“டாக்டருங்க, கல்யாணம் பண்ணலாமுங்களா?”

நான் மாதக்கணக்கில் கேட்கப் பயந்திருந்த கேள்வி அது. டாக்டர் சாதாரணமாகப் பதில் சொன்னார். அந்தக் காரியத்துக்கான நரம்பு, ரத்த ஓட்டம் எல்லாம் வேறு, அது பாதிக்கப்படவில்லை. அடைத்திருப்பது வழி மட்டும்தான், வழியைச் சரிசெய்தால் குழந்தை குட்டிக்கும் தடையிருக்காது என்றார். என் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். மாமா என் தோளில் தட்டினார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனின் அந்தரங்கம் முழுவதும் பொதுச்சொத்தாகிவிட்ட பிறகு, மின்விசிறியைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

டாக்டர் மறுபடி மூன்று வழிகளையும் சொன்னார். மாமா ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே டீசல் பைப்பு விளக்கம் கொடுத்தார். என் சித்தப்பா ஒருவர், கேமரா விட்டுக் கீறுவது நவீனமாகத் தெரிகிறது, அதைச் செய்யலாமே என்றார். விவாதம் சூடுபிடித்தது. நோயாளியை யாரும் கேட்கவில்லை. அப்போது ஸ்டெல்லா, அதுவரை வாயே திறக்காதவள், டாக்டரைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள். “இதுல எது திரும்ப வராதுங்க?”

எதற்கும் நூறு சதவீதம் உத்தரவாதம் தர முடியாது, ஆனால் மற்ற இரண்டையும்விட ஆபரேஷன்தான் நன்றாகத் தாங்கும் என்றார் டாக்டர். மறுபடி மறுபடி விரித்ததில் தழும்பு நீண்டுவிட்டது, அதனால் கன்னத்திலிருந்து எடுத்து ஒட்டுப் போட வேண்டியிருக்கும். அதற்கும் முன்னால் சில வாரங்கள் இந்த வயிற்றுக் குழாயோடு அந்தப் பாதையை ஓய்வாக விட வேண்டும். அப்படியென்றால் கல்யாணத் தேதி போகும். “போவட்டும்” என்றாள் ஸ்டெல்லா. பிறகு என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “ஆணி அடிக்கிறாங்கன்னு சொன்னீங்க. எந்த ஆணிங்க அம்மான்னு கத்தும்?”

அவள் முதல் நாளிலிருந்தே தெரிந்து வைத்திருந்தாள். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாளாம். கல்லடைப்பு என்று கேள்விப்பட்டபோது லேபில் தனியாக உட்கார்ந்து சிரித்தாளாம், அப்புறம் கொஞ்சம் அழுதாளாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே வெட்கம் வந்தது. மைக்கில் வந்த வெட்கம் ஒன்றுமே இல்லை.

ஆனால் அவள் அப்பா போகும்போது ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனார். “மொதல்ல சரியாவட்டுங்க. அப்பறம் பேசிக்கலாம்.” எங்கள் பக்கத்தில் அப்புறம் பேசிக்கலாம் என்றால் பெரும்பாலும் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். அம்மா அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. அவர் மறுபடி வரவும் இல்லை, போன் பண்ணவும் இல்லை. ஸ்டெல்லா தினமும் பேசினாள். அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டால், தறி ஓட்டுகிறார் என்பாள்.

வேட்டிக்குள் பையைக் கட்டிக்கொண்டு நான் பட்டறைக்குப் போய்வந்தேன். வெல்டிங் ஆட்களுக்கு ஒரே சந்தோஷம், கழிப்பறை எப்போதும் காலியாக இருந்தது. பிறகு ஆபரேஷன் நடந்தது. கீழே வலித்ததைவிட வாய் அதிகம் வலித்தது. கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், ஆறவைத்த கஞ்சியையும் ஐஸ்கிரீமையும் தின்றுகொண்டு பல நாள் ஊமையாகக் கிடந்தேன். பார்க்க வந்த மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவன் வாயைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டார்களே, இனி அது சும்மா இருக்குமா என்று கவலைப்பட்டார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, தையல் இழுத்தது.

குழாயை எடுத்த அன்று, மறுபடி அந்தப் புனல் மெஷின். கோடு மலையாக வந்தால் ஆபரேஷன் பலித்தது, ரோடாக வந்தால் இல்லை. நானும் அம்மாவும் மாமாவும் போயிருந்தோம். வராந்தாவில் காத்திருந்தபோது ஸ்டெல்லாவும் அவள் அப்பாவும் பஸ் இறங்கி வந்தார்கள். யாரும் அழைக்கவில்லை. அவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அந்த அறைக் கதவுக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் கேன் எதுவும் இல்லை. அதைக் கவனித்தேன்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். பிளைவுட் கதவு, அதைத் தாண்டி எல்லாமே கேட்கும். வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருந்தேன், ஆனால் வரவில்லை. வெளியே என் கல்யாணம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் யாருக்கு வரும்? அம்மா ஜெபமாலையை ஆரம்பித்துவிட்டாள், ஒவ்வொரு அருள்நிறை மரியேயும் கேட்டது. மாமா மெதுவாக, அவசரப்படாதே என்று கதவிடுக்கில் வாயை வைத்துச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்டெல்லா அன்று லேபில் தனியாக அழுததை நினைத்தேன். ஏனோ உடம்பு தளர்ந்தது.

அப்புறம் வந்தது. நூல் இல்லை, சொட்டு இல்லை. தகரக் கூரையில் கோடைமழை விழுகிற மாதிரி சத்தம், அது நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. வெளியே ஜெபமாலை பாதியில் நின்றுவிட்டது. எல்லோரும் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஒரு துளி வெட்கமும் வரவில்லை. தாள் வெளியே வருவதற்கு முன்னாலேயே, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பேசாத மனிதரின் குரல் கேட்டது.

“சம்பந்தியம்மா, சாமியாருகிட்டச் சொல்லி மறுபடி ஓலை வாசிக்கச் சொல்லீருங்க.”

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் அம்மாவைச் சம்பந்தி என்று கூப்பிட்டது அப்போதுதான். நான் உள்ளே, புனலைப் பார்த்துக்கொண்டு, இரண்டாவது முறையாக அந்த ஆஸ்பத்திரியில் அழுதேன்.

கல்யாணம் நடந்தது. பிள்ளைகளும் பிறந்தார்கள். டாக்டர் மட்டும், இது அரிதாகத் திரும்பலாம், ஓட்டம் மெலிந்தால் உடனே வந்துவிடுங்கள் என்று வருஷாவருஷம் சொல்லி அனுப்புகிறார். அதை வீட்டில் எல்லோரும் கேட்டுவைத்திருக்கிறார்கள். அதனால் இன்றைக்கும் நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால், கூடத்தில் டிவி சத்தம் குறைந்துவிடும். பிள்ளைகள் பேச்சை நிறுத்துவார்கள். மாமனார் வந்திருக்கும் நாட்களில் ரிமோட் அவர் கையில்தான் இருக்கும். நான் வெளியே வந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை, முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. டிவி சத்தத்தை அவர் பழையபடி ஏற்றிவிட்டாரென்றால் எனக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம்.